ஆடுகளத்துக்கு வெளியே உடுக்கும் ஆடை

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் சங்கத்துச் சிறுவரும் சிறுமியரும் இவ்வாண்டு கூடைப்பந்தாட்டத்தில் ஊக்கத்துடன் இறங்கியிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆடுகளத்துக்குள் அவர்கள் எவ்வாறு உடுத்த வேண்டும் என்பதில் நமக்குக் கவலையில்லை. ஆட்டத்தின் விதியே அதைச் சொல்லிவிடுகிறது. ஆனால் பந்தயத்துக்குப் புறப்படும்போதும், வெளியூர் செல்லும்போதும், பரிசு பெற மேடை ஏறும்போதும் இன்ன உடைதான் உடுத்த வேண்டும் என்று சங்கம் ஒரு விதி வகுத்தல் நலம் எனப் பெரியோர் சிலர் கருதுகின்றனர். ஆண்பிள்ளைகள் வேட்டியிலும் பெண்பிள்ளைகள் பாவாடை தாவணியிலும் வரவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். பேசுவதற்கு இப் பழவங்காடியைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

கூடைப்பந்து 1891ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்த ஆட்டம். அதைத் தொழிலாகக் கொண்டு பெரும்பொருள் ஈட்டும் ஆட்டக்காரர்கள் அந்நாட்டில் நிரம்ப உண்டு. 2004ஆம் ஆண்டு நவம்பர் 19 அன்று இந்தியானா, டிட்ராய்ட் ஆகிய இரு குழுக்களின் பந்தயத்தில் கைகலப்பு மூண்டது. ஆட்டக்காரர்கள் பார்வையாளர் வரிசைக்குள்ளேயே பாய்ந்து அடிதடியில் இறங்கினர். என்.பி.ஏ. என்னும் அந்தத் தேசியக் கூடைப்பந்துக் கழகத்தின் பெயருக்கு அது பெரும் களங்கமாயிற்று. மறு ஆண்டு அக்டோபர் 17 அன்று, கழகத்தின் ஆணையராயிருந்த டேவிட் ஸ்டெர்ன் ஓர் ஆடை விதியை வெளியிட்டார். கழகத்தின் பணியில் இருக்கும்போது ஆட்டக்காரர் அலுவலகத்துக்குச் செல்வார்போல் உடுத்துதல் வேண்டும். கையில்லாச் சட்டை ஆகாது, அரைக்கால்சட்டை ஆகாது, கூரைக்கடியில் கறுப்புக்கண்ணாடி ஆகாது, தொப்பி ஆகாது, சட்டைக்குமேல் சங்கிலியும் பதக்கமும் தொங்கவிடல் ஆகாது. ஆடாமல் ஓரத்து இருக்கையில் அமர்ந்திருப்பவருக்குக் கோட்டு கட்டாயம்.

கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். சம்பளம் கொடுப்பவன் உடையைச் சொல்வது எந்தத் தொழிலிலும் உள்ளதுதானே? ஆயினும் அந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை பாருங்கள். பெருஞ்சங்கிலியும், தொளதொளத்த சட்டையும், தலைக்கட்டும் அந்நாட்டுக் கறுப்பின இளைஞர் தம் தெருக்களிலிருந்தும் இசையிலிருந்தும் கொண்டுவந்த கோலம். ஆட்டக்காரருள் மிகப் பெரும்பாலோரும் அவர்களே. ஆலன் ஐவர்சன் என்னும் பெயர்பெற்ற ஆட்டக்காரர் இவ்விதியை வெளிப்படையாக எதிர்த்தார். சங்கிலிக்கு விதித்த தடை எங்கள் இனத்து இளைஞரைக் குறிவைத்தது என்று ஸ்டீஃபன் ஜாக்சன் சொன்னார். அடிதடி செய்தவை கைகள். தண்டனை பெற்றதோ சங்கிலி!

அதன்பின் நடந்தது சுவையானது. ஆட்டக்காரர்கள் விதியை மீறவில்லை, அதைத் தமதாக்கிக்கொண்டனர். கோட்டு அணியவேண்டுமா, அணிகிறோம், ஆனால் எங்கள் விருப்பப்படி என்று தையற்கலைஞரைத் தேடிச் சென்றனர். வண்டியிலிருந்து இறங்கி உடைமாற்றும் அறைக்கு நடக்கும் அந்தச் சிறு வழி நாளடைவில் ஆடை அணிவகுப்பாகவே மாறிற்று. ஆட்டத்தைப் பார்ப்பவரைப்போல் அந்நடையைப் பார்ப்பவரும் பெருகினர். 2018இல் லெப்ரான் ஜேம்ஸ் தம் குழுவினர் அனைவர்க்கும் ஒரே தையற்கலைஞரிடம் கோட்டுகள் தைத்துக் கொடுத்தார். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் ஆர்லாண்டோவில் ஆடியபோது கெடுபிடியும் பெரிதும் தளர்ந்தது.

இனி நம் தமிழகத்துக்கு வருவோம்.

2014ஆம் ஆண்டு ஜூலை 11. சென்னைச் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்தில் ஒரு நூல் வெளியீட்டு விழா. நூலை எழுதியவர் முன்னாள் தலைமை நீதிபதி ஒருவர். விழாவுக்கு வந்த உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் அவர்கள் வாயிலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டார். வழக்கறிஞர்கள் சிலருக்கும் அதே கதி. குற்றம் என்ன? வேட்டி உடுத்தியிருந்தது! அவர் ஆடவந்தவரல்லர், ஆட்டம் பார்க்கவந்தவருமல்லர். பிறர் எழுதிய நூலைப் பாராட்ட வந்தவர். கிரிக்கெட் ஆடுகளத்தை ஒட்டிய கட்டடத்தில், அன்றைய நாளில் ஆட்டமே இல்லாதபோதும், ஆட்டத்தின் பெயரால் ஓர் ஆடை விதி அவரை வழிமறித்தது.

அவ்விதி ஆங்கிலேயர் காலத்து மன்றங்களின் வழக்கத்திலிருந்து வந்தது. அவர்கள் கப்பலேறிச் சென்று அறுபத்தேழு ஆண்டுகள் கழிந்தும் வாயிற்காவல் மட்டும் மாறவில்லை. வேந்தனுக்கும் வேடனுக்கும் ஆடையின் அளவில் வேற்றுமையில்லை என்று பாடிய நக்கீரனாரின் நாட்டில், ஒரு தமிழர் மற்றொரு தமிழரைப் பார்த்து, உம் வேட்டி எம் மன்றத்துக்குத் தகாது என்று சொன்னார். அங்கே மன்றத்தாரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. நம்மில் எத்தனை பேர் நேர்காணலுக்குச் செல்லும் மகனிடம் வேட்டியுடன் போ என்று சொல்வோம்?

சட்டமன்றத்தில் கட்சி வேறுபாடின்றிக் கண்டனம் எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதமே, பொது இடங்களில் நுழைவதற்கு ஆடை காரணமாக இடப்படும் தடையை நீக்கும் சட்டம் நிறைவேறியது. வேட்டியோ பிற இந்திய மரபுடையோ உடுத்திவந்தவரை மன்றங்கள் தடுத்தால் உரிமம் பறிபோகும். தடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை தண்டமும் உண்டு. அச்சட்டம் வேட்டியைக் கட்டாயமாக்கவில்லை என்பதைத் தாங்கள் கருதிப்பார்க்க வேண்டும். கதவைத் திறந்துவிட்டதே அன்றி எவரையும் இடுப்பில் துணியைச் சுற்றச் சொல்லவில்லை. சட்டம் செய்தவர் அறிந்தோ அறியாமலோ நல்ல அளவில் நிறுத்தினர்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2022இல், மாமல்லபுரத்தில் உலகச் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றபோது, வேட்டியும் சட்டையும் அணிந்த குதிரை ஒன்று ‘தம்பி’ என்ற பெயருடன் ஊரெங்கும் கைகூப்பி நின்றது. உலகத்து ஆட்டக்காரரெல்லாம் அதன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டனர். வேட்டிக்கு அன்று கிடைத்த மதிப்பை எந்த விதியும் வாங்கித் தந்திராது.

சேப்பாக்கத்தில் அந்நிகழ்ச்சி நடந்த அதே 2014 ஜூலையில், சீன நாட்டு வூஹான் நகரில் ஆசியக் கோப்பைக் கூடைப்பந்து நடந்தது. இந்தியக் குழுவிலிருந்த அம்ரித்பால் சிங், அம்ஜியோத் சிங் ஆகிய சீக்கிய இளைஞர் இருவரும் தலைப்பாகையைக் களைந்துவிட்டு ஆடவேண்டும் என நடுவர்கள் கட்டளையிட்டனர். களைந்தனர், ஆடினர், அப்போட்டியில் இந்தியா சீனாவையும் வென்றது. இஃது ஆடுகளத்துக்குள் நடந்ததாதலின், பிறருக்குக் காயம் நேரலாகாது என்ற காரணமாவது சொல்ல இருந்தது. அக்காரணமும் ஆராய்ந்தபின் நிலைக்கவில்லை. 2017இல் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு விதியைத் திருத்தித் தலைப்பாகைக்கும் முக்காட்டுக்கும் இடமளித்தது.

பழவங்காடியின் பெருமைக்கு இப்போது வருகிறேன். பெயருக்குள்ளேயே அங்காடி என்ற நம் சொல்லை வைத்திருக்கும் இடம் இது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கிழக்குக் கோட்டை வழியே சில நிமிடங்கள் நடந்தால் பதுமநாபசுவாமி திருக்கோயில். அங்கே சேப்பாக்கம் தலைகீழாகிவிடும். கால்சட்டைக்காரர் வெளியே நிற்பார். சட்டையின்றி வேட்டி உடுத்தவர் உள்ளே செல்வார். சுடிதார் அணிந்த பெண்கள் அதன்மேல் வேட்டி ஒன்றைச் சுற்றிக்கொள்வர். 2016ஆம் ஆண்டு நவம்பரில் கோயிலின் செயல் அலுவலர், சுடிதாருடனேயே வரலாம் என்று அறிவித்தார். சில நாள்களில் கேரள உயர்நீதிமன்றம், இதை முடிவுசெய்யும் உரிமை தந்திரிக்கே உண்டு, அலுவலருக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. வழிபாட்டு மரபைப் பற்றித் தீர்ப்புக் கூற நான் இங்கு வரவில்லை. ஒரே வேட்டி ஓரிடத்தில் விலக்காகவும் மற்றோரிடத்தில் அனுமதிச் சீட்டாகவும் இருப்பதை மட்டும் சுட்டுகிறேன். மதிப்பும் இழிவும் துணியில் இல்லை, அன்பர்களே. வாயிலில் நிற்பவர் கண்ணில் இருக்கின்றன.

இத் தலைநகரத்துக்கு அதைவிடப் பழைய நினைவு ஒன்றும் உண்டு. தென்திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், தமிழ்ப் பெண்கள் பல்லாயிரவர் சாதியின் பெயரால் மேலாடை அணியும் உரிமை மறுக்கப்பட்டிருந்தனர். தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நடந்தது, அடிபட்டவர் பலர், வீடிழந்தவர் பலர். உத்திராடம் திருநாள் மகாராஜா ஆட்சியில் 1859 ஜூலை 26 அன்று வெளிவந்த அறிக்கைதான் நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என ஒப்பியது. அப்போதும், உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்று ஒரு வாலையும் ஒட்டவைத்தது! அப்பெண்களின் கொள்ளுப்பேத்திகள் இவ்வவையிலும் அமர்ந்திருக்கக்கூடும். பெண் எதை உடுத்த வேண்டும் என்று பெண்ணைக் கேளாமல் எழுதிய விதி என்ன செய்யும் என்பதை இம்மண் அறிந்த அளவு வேறெந்த மண்ணும் அறியாது.

ஆகவே நம் குழந்தைகளின் பேச்சுக்கு வருவோம். பையன்களுக்கு வேட்டி பெருந்தொல்லையன்று. பந்தயம் முடிந்ததும் கால்சட்டைக்குமேலேயே சுற்றிக்கொள்வார்கள், நான்கு படம் எடுப்பார்கள், கழற்றிவிடுவார்கள். இடர்ப்படுவோர் பெண்பிள்ளைகள். உடைமாற்ற ஒழுங்கான அறையில்லாத மைதானங்கள் எத்தனை? வியர்வையில் நனைந்த பெண் எங்கே சென்று தாவணி உடுப்பாள்? பரிசு வாங்கியபின் அதே தாவணியுடன் பேருந்தில் தொங்கிக்கொண்டு வருவாளா? கடையில் கணக்கெழுதும் தந்தை பட்டுப்பாவாடைக்கு எங்கே போவார்? இப்போதே சில வீடுகளில், அரைக்கால்சட்டையுடன் தெருவில் நடக்கலாகாது என்பதற்காகவே பெண்ணை ஆட்டத்திலிருந்து நிறுத்தும் பேச்சு நடக்கிறது. அதற்கு எளிய வழி, மேலே ஒரு நீளக் கால்சட்டை. தடகளப் பிள்ளைகள் அணிவார்களே அதுதான். அதைச் சங்கம் வாங்கித் தந்தால் போதும். இந்தியப் பெண்கள் கூடைப்பந்துக் குழுவுக்குத் தலைமை தாங்கி 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சென்னை அனிதா பால்துரையும் ஒருநாள் இப்படி ஒரு தெருவில் பந்துடன் நடந்துபோன சிறுமிதானே.

தமிழ் அடையாளம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அச்சீருடையின் முதுகில் பிள்ளைகளின் பெயரைத் தமிழெழுத்தில் பொறிப்போம். பொங்கலன்று அவர்கள் வேட்டியிலும் தாவணியிலும் வருவார்கள். இதுவரை எவரும் சொல்லாமலே வந்திருக்கிறார்கள்.

அடுத்த மாதம் செயற்குழு இவ்விதியை எழுத அமரும்போது, ஆடும் பெண்பிள்ளைகளுள் இருவரையும் பையன்களுள் இருவரையும் அம்மேசைக்கு அழைத்து, அவர்கள் பேசியபின் பேனாவைத் திறக்குமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் பெயர்களை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிடுகிறேன்.