பட்டும் கொல்லாமையும்



சேலை தைக்கப்படாத ஆடை. ஆயினும் ஊர்தோறும் அதன் அழகு வேறு. காஞ்சிபுரம் கோர்வை முறையில் கரையையும் உடலையும் பிணைத்து நெய்யும். கூறைநாடு பட்டையும் பருத்தியையும் கலக்கும். காரைக்குடிக்குக் கண்டாங்கிக் கட்டம். மதுரைக்குச் சுங்குடிப் புள்ளி.

தகடூர் எனப்பட்ட தருமபுரிக்கும் இவ்வழகில் பங்குண்டு. மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்க்கும் இம்மாவட்ட உழவர், இங்குள்ள அரசு அங்காடியில் பட்டுக்கூடுகளை ஏலத்தில் விற்கின்றனர். பல இல்லங்களின் அடுப்பு அதனால் எரிகிறது.

எனினும், கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட சமணர்க்கு ஒரு வினா எழுகிறது. அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறின், நீண்ட இழை அறுபடும். அது நிகழாதிருக்கவே கூட்டுப்புழு வெப்பத்தில் மடிகிறது. ஒரு பட்டுச்சேலைக்கு ஆயிரக்கணக்கான உயிர்கள்!

இதற்கு விடை கண்டவர் ஐதராபாத்தின் குசும ராஜய்யா. பூச்சி பறந்தபின் எஞ்சிய கூட்டை நூற்று, அகிம்சைப் பட்டு நெய்வித்தார். அதில் மெருகு சற்றுக் குறைவு, விலை மிகுதி.

உழவரைப் பழித்தல் அறமன்று. துளைபட்ட கூட்டுக்கும் நல்விலை தருவோர் பெருகினால் அவர் வாழ்வும் கெடாது, உயிரும் பிழைக்கும். மணப்பட்டு எடுக்கும் குடும்பங்கள் கடையேறும்முன் இதனை எண்ணுக. அறம் வளர்க!