துப்பாக்கி யார் கையில் இருக்கிறது?

(மண்ணூரில் இளம் தொழிலாளர்களின் வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறீர்கள். சுருக்கமாகப் பேசுகிறேன்.

சிகாகோ நகரம் 1982இல் கைத்துப்பாக்கிக்குத் தடை போட்டது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் முதல் பெயர் ஓட்டிஸ் மெக்டொனால்ட். எழுபது வயதைத் தாண்டிய கறுப்பின முதியவர், குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 2010 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பில் ஒரு பழைய கதை வருகிறது. 1865இல் அடிமை முறை ஒழிந்ததும் தென் மாநிலங்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, விடுதலையான கறுப்பர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதென்று சட்டம் போட்டது. வெள்ளையர் கையில் இருந்ததை யாரும் தொடவில்லை. 1873இல் லூசியானாவின் கோல்பாக்ஸில் கறுப்பர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். 1876இல் உச்ச நீதிமன்றம் கொலையாளிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதியது.

இது நமக்குப் புதுக் கதையா? ஆயுதம் மறுக்கப்பட்டதால்தான் ஒடுக்கப்பட்டவர்கள் கிளர்ந்தெழ முடியவில்லை என்று அண்ணல் 1936இலேயே எழுதிவிட்டார். 1968இல் கீழ்வெண்மணிக்கு வந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது. குடிசைக்குள் ஓடி ஒளிந்தவர்களிடம் என்ன இருந்தது? 44 பேர் எரிந்துபோனார்கள்.

இந்தியாவில் துப்பாக்கி அடிப்படை உரிமை கிடையாது. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வாங்க வேண்டும். ஆனால் குடகில் பிறப்பால் கொடவர்களுக்கும், ஜம்மா நில உரிமை உள்ளவர்களுக்கும் உரிமம் வேண்டாம். வெள்ளைக்காரன் கொடுத்த விலக்கு இன்றும் தொடர்கிறது. பிறப்பையும் பரம்பரை நிலத்தையும் வைத்துச் சலுகையா என்று ஓய்வுபெற்ற ராணுவ கேப்டன் ஒருவர் வழக்குப் போட்டார். அவர்கள் வீரமரபினர் என்று சொல்லி 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கை உறுதி செய்தது. அதே குடகின் காபித் தோட்டங்களில் உழைக்கும் எரவப் பழங்குடிகளின் மரபு எந்தக் கணக்கில் வரும்?

அப்படியானால் நமக்கும் துப்பாக்கி வேண்டும் என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. சிகாகோவில் துப்பாக்கிக்கு அதிகம் பலியாகிறவர்கள் இன்றும் கறுப்பின இளைஞர்கள்தான். ஆயுதம் பெருகினால் முதலில் சாவது நம் பிள்ளைகள். மேலவளவு முருகேசனை 1997இல் வெட்டிக் கொல்ல அரிவாளே போதுமாக இருந்தது. அதற்கு உரிமமும் தேவையில்லை.

நான் கேட்பது ஏற்கெனவே சட்டத்தில் இருப்பதை. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. மூன்றாவது விதியைப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும். அங்கே தேவை என்று கருதினால் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வாங்கி வைக்க வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் நம் மக்களுக்கு உரிமம் தரலாம் என்றும் அதே விதி சொல்கிறது. உரிமம் தருவது கடைசி வழி. ஆயுதத்தைப் பறிப்பதுதான் முதல் வேலை. அந்த வேலை நடக்கிறதா?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு ஒன்று இருக்கிறது. கடைசியாக எப்போது கூடியது? எந்தெந்த ஊர்களை அடையாளம் கண்டார்கள்? எத்தனை உரிமங்களை ரத்து செய்தார்கள்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய்க் கட்டணம். நீங்கள் எந்த மாவட்டத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தீர்களோ, அந்த மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள்.

மனுவை இப்போதே எழுதலாம். தாள் கொண்டு வந்திருக்கிறேன்.