ஞாயிற்றுக்கிழமைத் தீவு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டில் சுற்றிப் பார்த்ததைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். நான் போனது அமெரிக்காவுக்கு இல்லை. மொரீசியஸ் என்ற தீவுக்கு. 2002 முதல் 2005 வரை அங்கே ஒரு துணி ஆலையில் சாயப்பட்டறை ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். இங்கே படித்த கெமிஸ்ட்ரிதான் சோறு போட்டது. பிப்பெட்டைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று என் கையில் அடித்த டெமான்ஸ்ட்ரேட்டர் சார் இங்கே வந்திருக்கிறாரா தெரியவில்லை. அந்த அடி வீண் போகவில்லை, சார்!

சனிக்கிழமை அரை நாள் வேலை, ஞாயிறு விடுமுறை. கையில் காசு கிடையாது, ஊருக்கு அனுப்பியது போக மிச்சம் பஸ் செலவுக்குத்தான். ஆனால் தீவு சின்னது. காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் எந்த மூலையிலிருந்தும் திரும்பிவிடலாம். பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் நம்ம அசோக் லேலண்டு வண்டி! முதல் நாள் அதைப் பார்த்ததும் திருத்துறைப்பூண்டி பஸ் என்று ஏறிவிடலாம் போல இருந்தது.

கியூர்பிப்பில் மலை உச்சியில் ஒரு அவிந்த எரிமலை வாய் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு நடை நடந்தோம். சாமரேலில் ஏழு நிற மண். போட்டோவில் பார்ப்பதைவிட நேரில் கொஞ்சம் மங்கல்தான், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே கறுப்புக் கற்கள் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். நிலத்தைத் திருத்திய கூலிக்காரர்கள் கையால் பொறுக்கி அடுக்கியவை. போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் அவர்கள் வந்து இறங்கிய இடத்தை அப்ரவாசி காட் என்கிறார்கள். 2006-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. 1834-லிருந்து ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் அந்தத் தீவுக்குக் கூலிகளாக வந்தார்கள். கடலிலிருந்து ஏறிவர அங்கே பதினாறு கற்படிகள். நான் விமானத்தில் வந்தவன். இருந்தாலும் அந்தப் படியில் நின்றபோது என் கான்ட்ராக்ட் பேப்பர் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த ஊர் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு, தமிழ் எண்ணும் உண்டு. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. எங்கள் சூப்பர்வைசர் பெயரில் தமிழ் இருந்தது, வாயில் கிரியோல்தான். ஒரு நாள் அவர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார். "ராசோன்" என்று ஒன்று ஊற்றினார்கள். பார்த்தால் ரசம்! "ப்ரேத் முரூம்" என்றால் முருங்கைக் கீரை, "பிப்பங்காய்" என்றால் பீர்க்கங்காய். மொழி போனாலும் காய்கறிப் பெயர் மட்டும் சமையல்கட்டில் தங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது.

இதெல்லாம் பார்த்தேனே தவிர, நான் திரும்பத் திரும்பப் போனது ஒரே இடத்துக்குத்தான். மேற்குக் கரையில் தாமரின் என்ற ஊர். எல்லோரும் அங்கே கடல் அலையில் சறுக்குவதற்குப் போவார்கள். நான் உப்பளம் பார்க்கப் போவேன்.

வேதாரண்யத்துக்காரன் கடல் தாண்டிப் போயும் உப்பளத்தையா பார்த்தாய் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. எங்கள் அப்பா அகஸ்தியம்பள்ளியில் உப்பளத் தொழிலாளி. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடந்துவந்து உப்பு அள்ளிய அதே அகஸ்தியம்பள்ளி. (மொரீசியஸ் சுதந்திரம் பெற்றது 1968 மார்ச் 12. காந்திஜி தண்டிக்குப் புறப்பட்டதும் ஒரு மார்ச் 12. இதை அங்கே உள்ளவர்கள் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். வெட்கம்தான்.)

தாமரினில் பாத்திகளுக்குக் கறுங்கல் பாவியிருந்தார்கள். மேல் பாத்தியில் கடல் தண்ணீர், வெயிலில் சுண்டச் சுண்ட அடுத்தடுத்த பாத்திக்கு இறங்கும். பெண்கள் முழங்கால் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கூடையில் உப்பு வாரித் தலையில் சுமந்து, கல் கொட்டகைக்குள் கொட்டுவார்கள். உப்புத் தண்ணீர் போமே கணக்கில் 25 டிகிரி வந்தால் உப்பு விளையும் என்று நான் புத்தகத்தில் படித்தவன். அப்பா தண்ணீரைப் பார்த்தே சொல்லுவார். அந்தப் பெண்களும் அப்படித்தான். ஒரு வயதான அம்மாவுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. என் உள்ளங்காலைக் காட்டி, பிறகு ஊர்ப்பக்கம் கையைக் காட்டினேன். சின்ன வயதில் பள்ளி லீவில் அளத்தில் இறங்கி வெடித்த தழும்பு அது. அவர் புரிந்துகொண்டு தன் கையை விரித்துக் காட்டினார்.

இனி சொல்லவேண்டியதற்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் அங்கே காலை ஏழு மணிக்கு, நம்மூரில் எட்டரை, பக்கத்து வீட்டுக்குக் கூப்பிடுவேன். அப்பா பேசி முடித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆறுகாட்டுத்துறைக்கு மீன் வாங்கப் போவார். இது வாடிக்கை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் லீவோடு சேர்ந்து வந்ததால் சீக்கிரமே தாமரினுக்குப் பஸ் ஏறிவிட்டோம். சாயங்காலம் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

உப்பளத்தில் அன்று ஆளில்லை. கடற்கரையில் சாப்பிட்டோம், போட்டோ எடுத்தோம். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

ராத்திரி விடுதிக்கு வந்தால் எல்லோரும் டிவி முன்னால் நிற்கிறார்கள். நாகப்பட்டினம் என்று திரையில் பெயர் வருகிறது. போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. கார்டு தீரத் தீர வாங்கினேன். ஞாயிறு ராத்திரி, திங்கள், செவ்வாய். சாயப்பட்டறையில் நின்றுகொண்டு ஒரே கணக்கைப் போட்டேன்: எட்டரைக்குப் பேச்சு, எட்டே முக்காலுக்கு சைக்கிள், ஒன்பது மணிக்கு மீன் கரை. அலை வந்ததும் கிட்டத்தட்ட அந்த நேரம்தான்.

புதன்கிழமை லைன் கிடைத்தது. பக்கத்து வீட்டு அத்தை ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிவந்தார்.

"ஏம்ப்பா அன்னிக்கிக் கூப்பிடல?" இதுதான் அவருடைய முதல் வார்த்தை. நான் கூப்பிடுவேன் கூப்பிடுவேன் என்று அத்தை வீட்டுத் திண்ணையில் ஒன்பதரை வரை உட்கார்ந்திருந்தாராம். மீன் வாங்கப் போகவில்லை. "உனக்குத்தான் உடம்பு கிடம்பு சரியில்லயோன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. கார்டில் மிச்சமிருந்த நிமிஷம் எல்லாம் அப்படியே போயிற்று.

மறுவருஷம் கணக்கு முடித்துக்கொண்டு ஊர் வந்தேன். எல்லோரும் சாக்லேட்டும் சென்ட்டும் வாங்கி வருவார்கள். நான் ஒரு பொட்டலம் தாமரின் உப்பும் கொண்டுவந்தேன். அப்பா இரண்டு கல்லை நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"வெள்ளையாத்தான் இருக்கு. ஆனா தண்ணிய இன்னும் ரெண்டு நாள் விட்டு வாரியிருக்கலாம்."

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பந்தியில் சாம்பார் ஆறிக்கொண்டிருக்கும்.