முட்டைத் திருடன் என்ற பெயர்

சங்கத்தின் சிறுவர் மாலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரை



டைனோசர் என்றதும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் டி-ரெக்ஸைத்தான் சொல்வார்கள். நான் இன்று பேசப்போவது ஏறக்குறைய ஓர் ஆட்டின் பருமனே இருந்த புரோட்டோசெராடாப்ஸ் பற்றி. கிளி மூக்கு போன்ற அலகு, கழுத்துக்கு மேல் முறம் போல விரிந்த எலும்பு, தின்றது இலைதழை. மூன்று கொம்புள்ள டிரைசெராடாப்ஸ் இதற்குப் பின்னால் வந்த பெரிய உறவினர். இதற்குக் கொம்பு கிடையாது.

மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் 1923இல் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் தலைமையிலான அமெரிக்கக் குழு, கூட்டோடு முட்டைகளைக் கண்டெடுத்தது. சுற்றிலும் புரோட்டோசெராடாப்ஸ் எலும்புகளே நிறைய. ஆகவே முட்டையும் அதனுடையதே என்று முடிவு கட்டினார்கள். ஒரு கூட்டின் மேலேயே பல்லில்லாத அலகுள்ள வேறொரு டைனோசரின் எலும்புக்கூடு கிடந்தது. திருட வந்ததுதான் செத்திருக்கிறது என்றார்கள். 1924இல் ஆஸ்பர்ன் அதற்கு ஓவிராப்டர் என்று பெயர் வைத்தார். முட்டைத் திருடன் என்று பொருள். இந்தப் பெயர் தவறான எண்ணம் தரக்கூடும் என்று அவரே அப்போது எழுதியும் வைத்தார். அதை யார் கவனித்தார்கள்?

1993இல் அதே கோபியில், அதே வகை முட்டைக்குள் ஒரு கரு கிடைத்தது. பார்த்தால் அது ஓவிராப்டர் இனத்துக் குஞ்சு! அந்த இனத்துப் பெரிய விலங்குகள் கோழி அடைகாப்பது போலக் கூட்டின் மேல் அமர்ந்த நிலையிலும் கிடைத்தன. புரோட்டோசெராடாப்ஸின் உண்மையான முட்டை, கடலாமை முட்டை போல மெல்லிய தோல் ஓடு கொண்டது என்று 2020இல் தெரியவந்தது.

திருடன் என்று நாம் சொன்னது, பெரும்பாலும் தன் முட்டையைக் காத்துக்கிடந்த தாயோ தகப்பனோதான். உண்மை தெரிந்த பிறகும் விதிப்படி முதலில் வைத்த பெயரே நிலைக்கும். இன்றும் அது ஓவிராப்டர்தான்.

அந்த ஆய்வாளர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. பார்த்தது, கூட்டின் மேல் ஓர் எலும்புக்கூடு. மீதி அனைத்தும் ஊகம். நம் வாட்ஸ்அப் குழுவில் "இவர் ஏன் நம் பிளாக் பக்கம் நிற்கிறார்?" என்று ஒரு டெலிவரி பையனின் படமோ, வேலைக்கு வரும் அம்மாவின் படமோ வரும்போது, அனுப்புமுன் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் பார்த்தது எது, ஊகித்தது எது? பெயர் கெடுவதற்கு ஒரு நிமிடம் போதும். அழிப்பதற்கு 70 ஆண்டும் போதவில்லை.