உயிரோடு கரைசேரும் மீன்

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசி வட்டாரக் குளங்கள் பலவற்றை நிரப்புகிறது. அந்தக் குளத்து மீனை உயிரோடு வீடு சேர்ப்பது லேசான காரியமல்ல.

விரால் தாங்கும். நீர்மட்டத்துக்கு மேலே வந்து காற்றையே மூச்சாக இழுக்கிற மீன் அது. ஆனால் தொட்டியில் விளிம்புவரை நீர் நிரப்பி மூடிவிட்டால், பாவம், அதுவும் மூச்சுமுட்டிச் செத்துப்போகும்!

கட்லாவுக்கும் ரோகுவுக்கும் செவுள்தான் கதி. 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 30 டிகிரியில் ஏறக்குறைய 7.5தான். சூட்டில் மீனின் மூச்சுத் தேவையோ கூடுகிறது. அதனால் தொட்டியை நிழலில் வையுங்கள், மீனை நெருக்கி அடைக்காதீர்கள். குளத்து நீரை உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். அருவியில் காற்று கலப்பதுபோல் இதிலும் கலக்கும். ஐஸ்கட்டியை மட்டும் மொத்தமாகக் கொட்டிவிடாதீர்கள், திடீர்க் குளிர்ச்சியை மீன் தாங்காது.