மே 12இல் பிறந்த மூவர்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



இந்த ஒன்றுகூடலுக்கு நாங்கள் பஞ்சாங்கம் பார்த்து நாள் வைக்கவில்லை. எல்லோருக்கும் வசதியாக அமைந்த நாள் மே 12. ஆனால் வைத்தியசாலைகளில் வேலை செய்யும் எங்களுக்கு இந்தத் திகதி நன்கு பழக்கமானது. இன்று சர்வதேசத் தாதியர் தினம். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாள் என்பதால், சர்வதேசத் தாதியர் பேரவை 1974இல் இந்தத் திகதியைத் தெரிவு செய்தது. இதே திகதியில் பிறந்த இன்னும் இரண்டு பெண்களையும் சேர்த்து இன்று நினைத்துப் பார்ப்போம்.

ஒரே திகதியில் பெரியவர்கள் பலர் பிறந்தால் அந்த நாளுக்கு ஏதோ விசேடம் உண்டென்று சொல்வது எங்கள் வழக்கம். கணிதம் படிக்கும் பிள்ளைகள் அதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே, அவர்களில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் இருப்பதற்கான வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் அது ஏறக்குறைய 89 சதவீதம். நாளைக்கு உங்கள் வகுப்பு இடாப்பை எடுத்துப் பாருங்கள். ஆகவே திகதி ஒன்றானது தற்செயல்தான். அந்த மூவரும் எப்படி வளர்ந்தார்கள் என்பதைத்தான் நாங்கள் கவனிக்க வேண்டும்.

முதலாமவர் நைட்டிங்கேல். 1820ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். ஊரின் பெயரே அவருடைய பெயராயிற்று. விளக்கேந்திய சீமாட்டி என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். அந்த விளக்குக்குப் பின்னால் ஒரு கணக்குப் புத்தகமும் இருந்தது. 1854இல் 38 தாதியருடன் கிரிமியப் போரின் ஸ்கூட்டாரி வைத்தியசாலைக்குப் போனார். படைவீரர்களில் மிகப் பலர் இறந்தது காயத்தாலல்ல, தடுக்கக்கூடிய தொற்றுநோய்களால் என்பதை எண்ணிக்கைகளைத் திரட்டி, வரைபடமாக்கி அரசாங்கத்தின் முன் வைத்தார். அழுதுகொண்டு போய்க் கேட்டிருந்தால் அனுதாபம் கிடைத்திருக்கும். கணக்கோடு போனதால் மாற்றம் கிடைத்தது. இங்கிலாந்தின் புள்ளிவிபரவியல் சங்கத்தில் அங்கத்தவரான முதல் பெண்ணும் அவரே. இத்தனைக்கும் அவர் தாதிப் பணிக்குப் போவதைக் குடும்பம் பல ஆண்டுகள் எதிர்த்தது.

இரண்டாமவர் டொரதி ஹொட்ஜ்கின். 1910 மே 12இல் கெய்ரோவில் பிறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் நைட்டிங்கேல் காலமானார். மூன்று மாதங்கள் இருவரும் ஒரே உலகில் வாழ்ந்திருக்கிறார்கள். டொரதி படித்த இங்கிலாந்துப் பாடசாலையில் இரசாயனவியல் ஆண் பிள்ளைகளின் பாடம். அவருக்கும் இன்னொரு மாணவிக்கும் மட்டும் அந்த வகுப்பில் இருக்க அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியின் பலனை இன்று எங்கள் கிளினிக்குகளில் தினமும் காண்கிறோம். பெனிசிலின், விற்றமின் பி12, இன்சுலின் ஆகிய மூன்றின் மூலக்கூற்று அமைப்புகளையும் எக்ஸ் கதிர்ப் படங்களின் உதவியால் கண்டறிந்தவர் அவர். இன்சுலின் பளிங்கை 1930களின் நடுவில் முதன்முதலாகப் படம் பிடித்தார். அதன் அமைப்பு முழுமையாகப் புலப்பட்டது 1969இல். நடுவே ஏறத்தாழ 35 ஆண்டுகள். 24 வயதிலேயே மூட்டுவாதம் கைகளைப் பாதித்தது. மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். 1964இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தபோது ஆங்கிலப் பத்திரிகையொன்று அவரை 'இல்லத்தரசி' என்று தலைப்பிட்டது. பிரித்தானியாவின் உயரிய 'ஓடர் ஒஃப் மெரிட்' கௌரவத்தை 1907இல் பெற்ற முதல் பெண் நைட்டிங்கேல். 1965இல் பெற்ற இரண்டாவது பெண் டொரதி. இருவருக்கும் பிறந்தநாளும் ஒன்று.

மூன்றாமவர் மரியம் மிர்சாக்கானி. 1977 மே 12இல் தெஹ்ரானில் பிறந்தார். எங்கள் வகுப்பினரின் வயதுக்காரி. எங்களைப் போலவே போர்ச் சத்தத்தின் நடுவே சிறு பராயத்தைக் கழித்தவர். இடைநிலைப் பாடசாலையின் முதல் ஆண்டில், இந்தப் பிள்ளைக்குக் கணிதத்தில் பெரிய திறமை இல்லை என்றே அவருடைய கணித ஆசிரியர் நினைத்தார். அடுத்த ஆண்டு வந்த ஆசிரியர் ஊக்கம் கொடுத்தார். பின்னர் மரியமும் தோழி ஒருத்தியும் பெண்கள் பாடசாலையின் அதிபரிடம் போய், ஆண்கள் பாடசாலையில் நடக்கும் கணிதப் பயிற்சி வகுப்பு எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். அதுவரை ஈரானின் கணித ஒலிம்பியாட் அணியில் ஒரு பெண்ணும் இருந்ததில்லை. அதிபர் மறுக்கவில்லை, வகுப்பை ஒழுங்கு செய்து கொடுத்தார். 1994இலும் 1995இலும் சர்வதேச ஒலிம்பியாட்டில் மரியம் தங்கப் பதக்கம் பெற்றார். இரண்டாம் முறை முழுப் புள்ளிகள். 2014இல் கணிதத்தின் மிகப் பெரிய கௌரவங்களில் ஒன்றான பீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண்ணானார். 2017 ஜூலை 14இல், 40 வயதில், மார்பகப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அடுத்த ஆண்டு, உலகின் பெண் கணிதவியலாளர்கள் அவருடைய பிறந்தநாளைத் தங்கள் நாளாகத் தெரிந்தெடுத்தார்கள்.

இந்தத் திகதிக்கு எங்கள் மண்ணில் இன்னொரு நினைவும் உண்டு. அதைச் சொல்லாமல் மே 12ஐப் பற்றி நாங்கள் பேசி முடிக்க முடியாது. 2009இல் இதே நாளில், முள்ளிவாய்க்காலில் இயங்கிக்கொண்டிருந்த தற்காலிக வைத்தியசாலை மீது எறிகணை வீழ்ந்து நோயாளரும் அவர்களுடன் நின்றவர்களும் உயிரிழந்தார்கள். உலகம் தாதியரைக் கொண்டாடிய நாள் அது. மருந்தும் படுக்கையும் இல்லாத இடத்திலும் கைவிட்டுப் போகாமல் நின்ற தாதியரையும் வைத்தியர்களையும் ஊழியர்களையும் இன்று தலை வணங்கி நினைக்கிறோம். இந்தத் திகதியில் வாழ்த்துச் சொல்லும்போதெல்லாம் எங்களுக்கு அவர்களின் ஞாபகமும் வரும்.

இனி எங்கள் சங்கத்தின் காரியத்துக்கு வருவோம். நூற்றாண்டு என்றதும் முகப்பு வளைவு, கல்வெட்டு, விருந்து எல்லாம் நினைவுக்கு வருகின்றன. அவையும் இருக்கட்டும். ஆனால் டொரதிக்குக் கிடைத்தது ஒரு வகுப்பறையில் இருக்க அனுமதி. மரியத்துக்குக் கிடைத்தது ஓர் அதிபரின் சம்மதம். இரண்டுக்கும் பெரிய செலவில்லை. கேட்ட பிள்ளையை ஒருவர் நம்பினார், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உயர்தரத்தில் தான் விரும்பும் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்பதற்காக எங்கள் பாடசாலையில் ஒரு பிள்ளைகூட வேறு பிரிவுக்குப் போகக்கூடாது. வகுப்பில் இரண்டு பேர்தான் என்றாலும் பாடம் நடக்க வேண்டும். அதிபர் கேட்டால் ஆசிரியருக்கான கொடுப்பனவைச் சங்கம் பொறுப்பேற்கட்டும். கொழும்பிலும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் பொறியியலாளர்களும் ஆசிரியைகளும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் இணையவழியில் படிப்பிக்கட்டும். வைத்தியர்களாகிய நாங்கள் உயிரியல் பிள்ளைகளுக்காக எங்கள் பெயர்களை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டோம்.

மாணவிகளே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தேவையானதைக் கேளுங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் மரியத்தைப் போல ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதிபரின் அறைக் கதவு திறந்துதான் இருக்கிறது. அதை அதிபர் அவர்களிடம் முன்கூட்டியே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் இங்கே சொல்கிறோம்.