தோள் கொடுப்போரும் வழி காட்டுவோரும்

(வேப்பம்பட்டில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



உடற்குறையுடையார் தமக்குச் சமநிலையும், யாண்டும் தடையின்றிச் சென்றுவரும் வாய்ப்பும் வேண்டி அமைத்துக்கொண்ட சங்கங்களைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகின்றேன். அச்சங்கங்களில் தலைமை யாரிடத்து இருத்தல் வேண்டும், தொண்டர் கடமை யாது என்பனவே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள். கல்வி நிதியையும் திருமண உதவியையும் பற்றிக் கேட்டுப் பழகிய இம்மேடைக்கு இப்பொருள் புதிதாகத் தோன்றலாம். நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்பின் இது புதிதன்று என்பது விளங்கும். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நம் தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேற்பட்டவர். நோயும் விபத்தும் குலம் கேட்டு வருவன அல்ல. ஆதலின் இவ்வெண்ணிலிருந்து எச்சமூகமும் தன்னை விலக்கிக்கொள்ள இயலாது. நம் சங்கத்துக் குடும்பப் பதிவேட்டை அறிந்தவர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள். பிள்ளைகளின் பெயரை எழுதுமிடத்துச் சில இல்லங்களில் ஒரு பெயர் விடுபட்டிருக்கும். உடன்பிறந்தாரின் திருமணப் பேச்சுக்கு இடையூறாகும் என்று அஞ்சி, நடக்கவியலாத மகனையோ காது கேளாத மகளையோ உள்ளறையில் வைத்து மறைக்கும் வழக்கம் நம்மிடையே முற்றும் ஒழிந்தது என்று கூற யாராலும் முடியாது. இதனை யாரையும் நோகச் செய்தற்குக் கூறவில்லை. நம் அனைவர்க்கும் உரிய குறையாதலின் கூறினேன்.

முதற்கண் பெயரை நோக்குவோம். பழம்புலவருள் ஐயூர் முடவனார் என்பார் ஒருவர். புறநானூற்றில் அவர் பாடல்கள் உள. அவர் பெற்றோர் அவர்க்கு இட்ட பெயர் யாது? நமக்குக் கிடைத்திலது. ஊரும் உடற்குறையும் நிற்க, பெயர் மறைந்தது. நம் தொண்டை நாட்டில் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரராகவ முதலியாரை இன்றும் அந்தகக்கவி என்றே சொல்லுகின்றோம். சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ் பாடிய அப்பெருமகனார்க்கும் புலமைக்கு முன்னே குறைதான் அடைமொழியாயிற்று. அன்று அப்பெயர்களில் இகழ்ச்சி இல்லாதிருந்திருக்கலாம். ‘ஆர்’ விகுதியே அதற்குச் சான்று. பிற்காலத்தோ அச்சொற்களே தெருவில் வசைமொழியாயின. அதனாலன்றோ, ‘ஊனமுற்றோர்’ என்னும் அரசாங்கச் சொல்லும் நீங்கி, ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல் நம் நாட்டில் நிலைபெற்றது. சொல் மாறினால் மட்டும் போதுமா எனின், போதாது. படிக்கட்டு பழையதாகவே நிற்கப் பலகையில் மட்டும் புதுச் சொல் எழுதுவதால் யார்க்கு என்ன பயன்?

தலைமையும் தொண்டும் எவ்வாறு இயைய வேண்டும் என்பதற்கு நம் இலக்கிய வரலாற்றிலேயே ஓர் இனிய சான்று உண்டு. தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் பாடிய இரட்டைப் புலவர்களை நீவிர் அறிவீர். ஒருவர் கண்ணிலார், மற்றவர் காலிலார். கண்ணிலார் தோளில் காலிலார் ஏறி அமர்ந்து வழி கூற, இருவரும் ஊர்தோறும் சென்றனர் என்பது செவிவழிச் செய்தி. பாட்டின் முற்பாதியை ஒருவர் தொடங்கப் பிற்பாதியை மற்றவர் முடிப்பர் என்றும் கூறுவர். இதில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. தோள் கொடுத்தவர் வழியைத் தாமே முடிவு செய்யவில்லை. வழி சொன்னவர் தோள் கொடுத்தவரைத் தம் ஏவலாளாகக் கருதவுமில்லை. பாட்டு இருவர்க்கும் உரியதாயிற்று. தொண்டு என்பதன் இலக்கணம் இதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

இனி நம் காலத்துச் செய்திக்கு வருவோம். தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் என்னும் நிறுவனம் உளது. அதனை நிறுவியவர் திரு. எஸ். இராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராயிருந்த அவர், கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கலந்துகொள்ள 1975-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பெங்களூர் சென்றார். அத்தேர்வில் நேர்ந்த விபத்தில் அவர் தண்டுவடம் முறிந்தது. கழுத்துக்குக் கீழ் உடல் செயலற்றது. தமக்கு மருத்துவமும் மனவுறுதியும் அளித்த படைத்துறை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல் அவர்களின் பெயரையே, ஐக்கிய நாடுகள் சபை உடற்குறையுடையார்க்குரிய ஆண்டாக அறிவித்த 1981-இல், தாம் தொடங்கிய சங்கத்துக்குச் சூட்டினார். மிகச் சில குழந்தைகளுடன் சிறு பள்ளியாகத் தொடங்கிய அப்பணி, பின்னர் மருத்துவப் பயிற்சி, தொழிற்பயிற்சி, ஊர் ஊராகச் சென்று இல்லத்திலேயே குழந்தைகளுக்குப் பயிற்சியளித்தல் எனப் பெருகியது. 2020-ஆம் ஆண்டில் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது.

1992-இல் அவருடன் வந்து சேர்ந்தவர் திரு. எஸ். சங்கரராமன். இவர் பட்டயக் கணக்காளர். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்குபவர். நகரத்தில் வருவாய் தரும் தொழிலை விடுத்துச் சிற்றூர்க்கு வந்தார். ஒருவர் கருத்தைத் தந்தார்; மற்றவர் கணக்கையும் ஒழுங்கையும் தந்தார். எத்துணைத் தொண்டுச் சங்கங்கள் நல்லெண்ணத்தில் தோன்றிக் கணக்கின்மையால் அழிந்தன என்பதை இச்சபையில் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆய்க்குடியில் தலைமை இருவரும் குறையை உடலால் அறிந்தவர்கள். நடக்கும் கால்களும் தூக்கும் கைகளும் உடைய ஏனைப் பணியாளரும் அன்பரும் அவர்கள் வகுத்த வழியில் நின்று உழைத்தனர். இரட்டையர் கதை மெய்ந்நிகழ்ச்சியாய் நம் கண்முன் நிற்பதை ஈண்டுக் காண்க.

பிறிதொரு வகைச் சங்கமும் உண்டு. அது நிறுவனம் நடத்துவதன்று. உரிமைக்குக் குரல் கொடுப்பது. தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் என்பது அதன் பெயர். பெயர் நீளமே, எனினும் ஒவ்வொரு சொல்லும் காரணப்பெயராய் நிற்கின்றது. ‘அனைத்து வகை’ என்றமையால் கண்ணிலார், செவியிலார், காலிலார், அறிவு வளர்ச்சி குன்றியோர் எனப் பிரிந்து நில்லாது ஒன்று கூடினர். ‘பாதுகாப்போர்’ என்றமையால், இரவும் பகலும் பிள்ளையைத் தூக்கிச் சுமக்கும் தாயும் அச்சங்கத்தின் புறத்தே நில்லாது உள்ளே இடம் பெற்றாள். ‘உரிமைகள்’ என்றமையால் இரப்பு நீங்கியது. உதவித்தொகை உயர்வுக்கும் வேலைவாய்ப்புக்கும் வீதியில் அமர்ந்து அவர்கள் போராடியதை நாளிதழ்களில் பலகாற் கண்டிருப்பீர்கள்.

கடல் கடந்த நாட்டிலும் இந்நெறியே வென்றது. அமெரிக்காவில் ஜூடித் ஹியூமன் என்னும் அம்மையார், குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதத்தால் நடக்கும் ஆற்றல் இழந்தவர், ஆசிரியத் தொழிலை விரும்பினார். நெருப்புப் பற்றினால் நாற்காலியில் இருப்பவர் வெளியேற இயலாது என்று கூறி, நியூயார்க் நகரக் கல்வி வாரியத்தார் 1970-இல் அவர்க்கு உரிமம் மறுத்தனர். அவர் வழக்குத் தொடுத்து உரிமம் பெற்று ஆசிரியரானார். பின்னர், அரசாங்கப் பணம் பெறும் இடங்களில் உடற்குறையுடையாரை ஒதுக்கலாகாது என்று 1973-இல் இயற்றிய சட்டத்துக்கு விதிகள் வகுக்காது நான்காண்டுகள் காலந்தாழ்த்தியபோது, 1977-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், நூற்றுக்கு மேற்பட்டோர் சான் பிரான்சிஸ்கோ நகரத்திலிருந்த நடுவணரசு அலுவலகத்துள் புகுந்து அமர்ந்தனர். அம்மையார் அவர்களுக்குத் தலைவியருள் ஒருவர். இருபது நாள்களுக்கு மேல் அவர்கள் அவ்விடம் விட்டு அசையவில்லை. தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது, செவியிலார் சாளரத்தருகே நின்று கைம்மொழியால் வெளியிலுள்ளோர்க்குச் செய்தி அனுப்பினர். கருஞ்சிறுத்தைகள் என்னும் கறுப்பின மக்கள் கட்சியினர் நாடோறும் சூடான உணவு கொண்டுவந்து கொடுத்தனர். ஏப்ரல் 28-இல் விதிகள் கையெழுத்தாயின. பிறர் போராட்டத்துக்கு உணவு சுமந்து வந்தவர், ‘சோறிட்டோம், ஆதலின் தலைமை எமக்குத் தருக’ என்று கேட்டிலர். இதுவே தொண்டரின் அழகு.

நம் நாட்டிலும் சட்டங்கள் பல தோன்றிவிட்டன. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைகளையே கொண்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, இருபத்தொரு வகைகளை ஏற்றது. அரசாங்க வேலையில் நூற்றுக்கு 4 இடங்களை ஒதுக்கியது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நம் சட்டமன்றம், ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வகைசெய்யும் மசோதாக்களை நிறைவேற்றியது. ஊராட்சி மன்றத்தில் அவர்க்கு நாற்காலி இட அரசாங்கம் முன்வந்த பின்னும், நம் சங்கச் செயற்குழுவில் அத்தகைய நாற்காலி ஒன்று இல்லாதிருப்பது நமக்குப் புகழாகுமா?

சிலர் கேட்பர்: ‘ஆண்டுதோறும் மூன்று சக்கர வண்டி வழங்குகின்றோமே, அது போதாதா?’ என்று. அது நற்செயலே, ஐயமில்லை. ஆயின் அவ்வண்டியில் ஏறி அவர் எங்கே செல்வார்? நாம் அமர்ந்திருக்கும் இம்மண்டபத்து வாயிலில் 4 படிகள் உள. வண்டி வழங்கும் விழாவுக்கே அதனைப் பெறுபவரை இருவர் தூக்கிவர வேண்டியிருக்கின்றது. நம் வேப்பம்பட்டு நிலையத்திலிருந்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குச் செல்வோர் நம்மிடையே பலர். வீட்டு வாயிலிலிருந்து மின்வண்டிக் கதவு வரையில் தாம் ஏறியிறங்கும் படிகள் எத்துணை, மேடையினின்று வண்டிக்குள் கால் வைக்குமிடத்து உள்ள இடைவெளி எவ்வளவு என்று நாளைக் காலையில் ஒவ்வொருவரும் எண்ணிப் பாருங்கள். வண்டியில் தனிப்பெட்டி ஒதுக்கியிருப்பினும், பெட்டியை அடையும் வழியில்லையேல் ஒதுக்கீட்டால் ஆவதென்? படிப்பும் தொழிலும் கற்ற இளைஞன் ஒருவன் படிகளால் வீட்டில் இருந்துவிடுவானாயின், அவனைத் தடுத்தது அவன் காலா, நாம் கட்டிய படியா? 

யான் அறிந்த ஒரு பள்ளியில் ஊன்றுகோலால் நடக்கும் மாணவி ஒருத்தி பத்தாம் வகுப்பை எய்தினாள். அவ்வகுப்பு மாடியில் இருந்தது. தனி ஆயா வைப்பதா, வீட்டிலிருந்தே படிக்கச் சொல்வதா என்று ஆசிரியர்கள் நெடுநேரம் ஆராய்ந்தனர். இறுதியில் ஒருவர், ‘அவளையே கேட்போம்’ என்றார். ‘வகுப்பைக் கீழே மாற்றிவிடுங்கள் ஐயா’ என்றாள் அவள். மறுநாள் மாற்றினர். செலவு ஒன்றுமில்லை. தேவையுடையாரிடத்தே விடையும் உளது, கேட்பாரைத்தான் காணோம்.

தொண்டாற்ற விரும்பும் இளைஞர்களுக்குச் சில சொற்கள். உதவும் முன் கேளுங்கள். கேளாது கைப்பற்றி இழுப்பதும், சக்கர நாற்காலியைத் தள்ளுவதும் அவர் உடலைத் தொடுவதை ஒக்கும். உடன் வந்தவரிடம் ‘இவருக்கு என்ன வேண்டும்?’ என்று வினவாது, அவரையே நோக்கிப் பேசுங்கள். வாக்களித்த நேரத்தில் வந்து நில்லுங்கள். உங்களுக்கு அரைமணிக் காலத் தாமதம் சிறிது, உங்கள் தோளையே நம்பியிருப்பவர்க்கு அன்றைய நாளே வீணாகும். கொடுப்பதைப் படம் பிடித்து ஊரறியப் பரப்பாதீர்கள். கணக்கை எழுதுங்கள், கூட்டக் குறிப்பை எழுதுங்கள், மனுக்களைச் சுமந்து சென்று அலுவலக வாயிலில் காத்திருங்கள். மேடையில் பேசும் முறை வரும்போது உரியவரிடம் அதனை விட்டுவிடுங்கள். தலைமை ஏற்பவர்க்கும் ஒரு கடமை உண்டு. தம் குறை ஒன்றையே எண்ணிப் பிற குறையுடையாரை மறத்தலாகாது. சாய்தளம் வேண்டுவோர், கண்ணிலார்க்கு எழுத்தும் செவியிலார்க்குக் கைம்மொழியும் வேண்டும் என்பதைத் தாமே எடுத்துரைத்தல் வேண்டும். பெண்களையும், சொல்ல நா எழாதாரையும் உடன் அமர்த்துதல் வேண்டும்.

இனிச் சங்கத்தாரிடம் யான் விண்ணப்பிப்பன மூன்று. ஒன்று: அடுத்த பொதுக்கூட்டத்தில் விதியைத் திருத்தி, நம் செயற்குழுவில் மாற்றுத்திறனாளிகள் இருவர்க்கேனும் இடமளித்து, அவருள் ஒருவர் பெண்ணாயிருக்கச் செய்தல். உதவிநிதியை யார்க்கு எவ்வாறு அளிப்பது என்பதையும் அவர்களே வகுப்பாராக. இரண்டு: இம்மண்டபத்து வாயிலில் சாய்தளம் அமைத்தல். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கட்டட நூலார் கணக்கு. படி ஒன்று அரையடியாக நான்கு படிக்கு 2 அடி உயரம். எனவே 24 அடி நீளம் வேண்டும். தெருப்பக்கம் இடம் போதாதேல் கிழக்குச் சுவரை ஒட்டித் திருப்பிக் கட்டலாம். அதனினும் குறைந்த நீளத்தில் செங்குத்தாகக் கட்டிவிட்டு ‘அமைத்துவிட்டோம்’ என்று கூறுவது, ஏறுவாரைப் பின்னோக்கி விழச் செய்யும். மூன்று: குடும்பப் பதிவேட்டைப் புதுப்பிக்கும் இவ்வாண்டில், விடுபட்ட பெயர்களை ஒவ்வோரில்லத்தாரும் தாமே எழுதித் தருதல். முதலிரண்டுக்குப் பணமும் தீர்மானமும் வேண்டும். மூன்றாவதற்கு மனம் ஒன்றே போதும். எனினும் மூன்றனுள் அரிது அதுவே என்பதை யான் அறிவேன்.

அப்பெயர்கள் எழுதப்படும் நாளில்தான் நம் சமூகத்தின் தொகை சரியாகும். எழுதப்பட்ட பெயருடையார் அடுத்த கூட்டத்துக்குத் தாமே வந்து, யான் இன்று பேசிய இப்பொருளை என்னினும் நன்றாகப் பேசுவார்களாக. அவர்கள் பேச, யாம் கேட்போமாக.